ரெண்டு பிளேட் போதும்

இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. நடந்தது, அவ்வளவுதான். நடந்தது மாயவனுக்கு.

பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். மாயவன் குறைத்துக்கொண்டே வந்தான். முதலில் சொன்னபோது குரலைப் பற்றிச் சொன்னான். பிறகு அதை விட்டுவிட்டான். அப்புறம் தரையில் கண்டதையும் விட்டுவிட்டான். கடைசிக் காலத்தில் "அந்த ஆணி…" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொள்வான். அவன் விட்டதையெல்லாம் சேர்த்தால் கதை இதுதான்.

ராத்திரியில் நடக்கவில்லை. நல்ல உச்சிவெயிலில் நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, கத்திரி வெயில் காலம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன.

மாயவன் அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் லோடுமேன். அந்த வேலையை ஜோடி ஜோடியாகத்தான் செய்வார்கள். ஒருவன் அடுக்கின் மேல் நின்று மூட்டையைச் சரித்து இறக்குவான். இன்னொருவன் கீழே முதுகைக் கொடுத்து வாங்குவான். மேலே நிற்பவன் "விடுறேன்" என்பான். கீழே நிற்பவன் "விடு" என்பான். அந்த இரண்டு சொல்லும் ஆன பிறகுதான் பாரம் இறங்கும். அது வெறும் பழக்கம் இல்லை. பாரம் வரப்போகிறது என்று தெரிந்தால், அது வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே முதுகுச் சதை இறுகிக்கொண்டு நிற்கும். தெரியாவிட்டால் தளர்ந்து கிடக்கும். தளர்ந்த முதுகில் இறங்குகிற பாரத்தைச் சதை வாங்காது, எலும்புதான் வாங்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள், மேலே நின்ற அவன் ஜோடி பஞ்சநாதனுக்குச் சிமெண்ட் தூசியில் தும்மல் வந்தது. கை நழுவியது. "விடுறேன்" என்ற சொல் இல்லாமல் மூட்டை வந்துவிட்டது.

அன்றைக்குப் படுத்த மாயவன் பங்குனி வரை எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி ராசாங்கம் வீட்டுக்கே வந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஆள் குறைந்தால் லோடு நின்றுபோகும்.

"வைகாசியில ரெண்டாவது திங்கக்கெழம வா. ரெண்டு மூட்டையோட லாரிப் பலகை ஏறிக் காட்டு. ஏறிட்டா ஒன் எடம் ஒனக்கு. இல்லாட்டி ஆள் போட்டுருவேன். என்னைத் தப்பா நெனைக்காத."

அதற்குள் மாயவனின் மனைவி வேம்பு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை சுமக்கப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

பெரம்பலூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது இல்லை. அதன் பின்கட்டில் முதுகுவலிக்காரர்களுக்கென்று ஓர் அறை. திருச்சியிலிருந்து வந்த புஷ்பவல்லி என்ற பெண் அங்கே பயிற்சி கொடுத்தாள். குனி, நிமிர், மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் நோயாளிகள் அவளை டீச்சரம்மா என்றார்கள். அந்த அறையில்தான் அந்த மிஷின் இருந்தது.

புஷ்பவல்லி கொடுத்த படத்தைப் பார்த்து, ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தவர் செய்து கொடுத்தது. பார்க்க ஓர் இரும்பு நாற்காலி போலிருக்கும். உட்கார்ந்ததும் தொடைகளுக்கு மேல் ஒரு பெல்ட். பாதம் ஒரு பலகையில் ஊன்றியிருக்கும். இடுப்பு பின்னால் ஓர் உருண்டைத் திண்டில் போய் அழுந்தி அப்படியே பூட்டிக்கொள்ளும். தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக ஓர் உருளை. குனிந்திருப்பவன் மெதுவாகப் பின்னால் சாய்ந்தால் உருளை நகரும். உருளையோடு கட்டிய கம்பிக்கயிறு ஒரு கப்பியின் மேல் ஓடும். நாற்காலிக்குப் பின்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அடுக்கியிருக்கும் பன்னிரண்டு இரும்பு பிளேட்டுகளில், வேண்டியவை மட்டும் மேலே எழும்.

எவை எழும் என்பதை ஓர் ஆணி முடிவு செய்யும். ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு துளை உண்டு. எந்தத் துளையில் ஆணியைச் செருகுகிறோமோ, அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஏறும், கீழே உள்ளது கிடக்கும். இரண்டாவதில் செருகினால் இரண்டு பிளேட். அடியில் செருகினால் பன்னிரண்டும்.

இடுப்பை எதற்காகப் பூட்ட வேண்டும்? அங்கேதான் அந்த மிஷினின் புத்தி இருக்கிறது. குனிந்து ஒன்றைத் தூக்கும்போது முதுகுதான் தூக்குகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தூக்குவது தொடையும் பின்புறமும்தான். அவை பெரிய சதைகள். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் ஓடுகிற சதையை அவை வேலை செய்யவே விடாது. வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்தவனுக்கும் அந்தச் சதை குழந்தைச் சதையாகவே இருக்கலாம். இடுப்பைப் பூட்டிவிட்டால் பெரியவர்கள் உதவிக்கு வர முடியாது. முதுகு தனியாக மாட்டிக்கொள்ளும். அப்போதுதான் அதன் உண்மையான பலம் தெரியும்.

மாயவனின் உண்மையான பலம் இரண்டு பிளேட். முதல் நாள் அதற்கே உடம்பு வெடவெடத்தது.

"தொடை தூக்குது, முதுகு தூங்குது. எழுப்புங்க," என்பாள் புஷ்பவல்லி. "இன்னும் மூணு மாசம் இதே ரெண்டுதான். கூட்டக் கேக்காதீங்க."

வீட்டில் வேம்பு கேட்பாள். "இன்னிக்கு எத்தன தூக்குன மாமா?"

"ரெண்டு."

"ரெண்டு மூட்டையா?"

"ரெண்டு பிளேட்டு."

"அத எங்கிட்டக் குடுத்துரு. கல்லோட கல்லா கூடையில போட்டுக்கிறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லோடுமேன்கள் எல்லோருக்கும் அந்த மிஷினில் ஒரே தப்புதான் தோன்றும். ஐம்பது கிலோவை ஓடி ஓடி ஏற்றியவனுக்கு இரண்டு பிளேட் என்பது அவமானம். அடி ஆணியில் ஒரு தடவை சாய்ந்து பார்த்துவிட்டால் போதும், வேலைக்கு ஆகிவிட்டோம் என்று நினைப்பார்கள். மாயவனும் நினைத்தான்.

அறைச் சாவி ஆயா வீரம்மாளிடம் இருக்கும். சிறுவாச்சூர் காளி கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அந்த இரண்டு நாளும் வீரம்மாள் மதியம் அறையைத் துடைத்துப் பூட்டிவிட்டு, சாவியை வராந்தா ஆணியில் மாட்டிவிட்டு, சிறுவாச்சூருக்குப் பஸ் ஏறிவிடுவாள். புஷ்பவல்லி சாப்பிடப் போவாள். மாயவனுக்கு மூன்று மணிக்குத்தான் பஸ். மரத்தடியில் படுத்திருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் அந்தச் சாவியை எடுத்தான்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அறை அடுப்பு மாதிரி இருந்தது. தரையில் துடைத்த ஈரம். மிஷினின் சீட்டில் வேர்வை… ஒரு முதுகின் வடிவத்தில் ரெக்சின் நனைந்திருந்தது. கடைசியாக யாரோ பயிற்சி செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். காலையில் கடைசி ஆள் அவன்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பின்பக்கம் போனான். நாற்காலியில் நேராக உட்கார்ந்தவனுக்குப் பிளேட் அடுக்கு தெரியாது. ஆணியைப் போடுவதெல்லாம் புஷ்பவல்லிதான். அதனால் அவன் ஆணியைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வளைந்த பிடி. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. உருவி எடுத்தான்.

ஆணி குளிர்ந்திருந்தது. அந்த வெக்கையில் கம்பிகளைத் தொட்டால் சுட்டது. ஆணி மட்டும் கிணற்றிலிருந்து எடுத்தது போலிருந்தது.

அடிப் பிளேட்டில் செருகினான். உட்கார்ந்தான். பெல்ட்டை மாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தான்.

க்ரீச்… என்று கப்பி உருண்டது. உருளை நகர்ந்தது. கனமே இல்லை. காலையில் தூக்கிய அதே கனம்.

மாயவனுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டும் ஏறிவிட்டதே. பஸ்ஸில் போகும்போது தானாகச் சிரித்துக்கொண்டே போனான். வீட்டுக்குப் போனதும் வேம்பு இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கி இறக்கப் போனான். பாதி குனிந்ததுமே முதுகு பிடித்துக்கொண்டது. குடம் உருண்டது.

பன்னிரண்டு பிளேட் தூக்கியவனால் ஒரு குடம் தூக்க முடியவில்லை. எங்கேயோ கணக்கு இடித்தது.

திங்கட்கிழமை மறுபடி போனான். அதே ஈரத் தரை. அதே நனைந்த சீட். அதே குளிர்ந்த ஆணி. அடியில் செருகினான், அழுத்திப் பார்த்தான், உட்கார்ந்து சாய்ந்தான். மறுபடியும் அதே லேசு. இந்தத் தடவை பெல்ட்டை அவிழ்த்துப் பின்னால் போய்ப் பார்த்தான்.

ஆணி இரண்டாவது பிளேட்டில் இருந்தது.

அந்த ஆணி தானாக நகராது. பிளேட்டுகள் தரையோடு படிந்திருக்கும்போது மட்டும்தான் அது வெளியே வரும், அதுவும் நேராக இழுத்தால். பாரம் ஏறிவிட்டால் இரண்டு பிளேட்டுக்கு நடுவே கவ்விக்கொள்ளும். விழுந்தாலும் தரையில் கிடக்குமே தவிர, பத்துத் துளை தாண்டிப் போய்த் தானே செருகிக்கொள்ளாது. அதற்கு ஒரு கை வேண்டும்.

அவன் திரும்பினான். அப்போதுதான் தரையைப் பார்த்தான்.

மிஷினுக்குப் பின்னாலிருந்து கதவு வரைக்கும் ஈரத்தில் இரண்டு கோடுகள். நீளமாக, இணையாக. எதையோ இழுத்துக்கொண்டு போனது போல. துடைத்த துணியின் தடம் என்று நினைத்தான். கிட்டப் போனான்.

கோடுகளின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

ஒரு கை. கொஞ்சம் தள்ளி இன்னொரு கை. மறுபடி ஒரு கை… கதவுவரை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோயின.

அதற்குப் பிறகும் அவன் போனான் என்றால், பயமில்லாமல் இல்லை. அந்த வாரம் வேம்பு சுரங்கத்தில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, வெயில் மயக்கம் என்றார்கள். அடுத்த நாளும் போனாள். வருகிற திங்கட்கிழமைதான் ராசாங்கம் சொன்ன திங்கட்கிழமை. நடுவில் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மதியம். வீரம்மாளின் பஸ் போய்விட்டது. காக்கை கூடக் கத்தவில்லை. மாயவன் கதவைத் திறந்து உள்ளே போய், தன் கையாலேயே சாத்தித் தாழ் போட்டான். யார் விளையாடினாலும் இனிமேல் வர முடியாது.

ஆணியை அடியில் செருகினான். ஒரு தடவை தட்டினான்.

உட்கார்ந்தான். பெல்ட் மாட்டினான். கழுத்தை முடிந்தவரை திருப்பிப் பார்த்தான். சிவப்புத் துணியின் ஓரம் தெரிந்தது. அடியில்தான் இருந்தது.

முன்னால் திரும்பினான். குனிந்தான்.

ச்சர்ர்ர்…

இரும்பில் இரும்பு உரசும் சத்தம். நிதானமாக. பழகிய கை ஆணியை உருவுகிற சத்தம்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக்.

மேலே செருகியாயிற்று.

மாயவன் எழுந்திருக்கப் பார்த்தான். பெல்ட் விடவில்லை. அவன் கட்டியதைவிட இறுக்கமாக இருந்தது. இன்னும் ஒரு துளை இறுகியது. யாரோ முழங்கையை ஊன்றி இழுத்துக் கட்டுவது போல…

முதுகுக்குப் பின்னால் மூச்சு.

சிமெண்ட் வாசம்.

உருளை நடுங்கியது. அவன் அதைத் தொடவே இல்லை. உருளை தானாக நடுங்கியது. கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் உருளையில் நெற்றியை வைத்துக்கொண்டு யாரோ அழுகிறார்கள்.

"ரெண்டு போதும்."

காதுக்குப் பக்கத்தில் இல்லை. கீழிருந்து வந்தது. தரையில் கிடப்பவன் பேசுவது போல.



"சொல்லிட்டுத்தான் வுடுவேன்," என்றது குரல். "பயப்படாத."

பிறகு,

"விடுறேன்…"

எத்தனையோ வருஷமாக வாய் பழகிய சொல். மாயவனின் வாய் அவனைக் கேட்காமலே பதில் சொன்னது.

"விடு."

பாரம் வந்தது. இரண்டு பிளேட்டின் பாரம். முதுகு முன்கூட்டியே இறுகி நின்று அதை வாங்கியது. கண்ணில் நீர் வழிய, மெதுவாகச் சாய்ந்தான். மெதுவாக வந்தான். மறுபடி சாய்ந்தான். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள், சதை எழுகிறதா என்று பார்ப்பது போல, லேசாக ஒட்டியிருந்தன.

குளிர்ந்த கைகள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டபோது பெல்ட் தளர்ந்திருந்தது. சாப்பிட்டுத் திரும்பிய புஷ்பவல்லி வெளியே நின்றாள். மாயவன் தாழை எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. அவனை மிஷினுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"எந்த ஆணியச் சொல்றீங்க?"

இரண்டாவது பிளேட்டில் ஒரு போல்ட் இருந்தது. பட்டறையில் கடைந்தது, மொட்டையாக. துணி எதுவும் சுற்றவில்லை. ஒரு சின்னச் சங்கிலியால் மிஷினோடு பிணைத்திருந்தது. அவள் அதை உருவி இழுத்துக் காட்டினாள். சங்கிலி நாலாவது பிளேட்டோடு நின்றுவிட்டது.

"அதுக்குக் கீழ எட்டாது. எட்டக் கூடாதுன்னுதான் நீளத்த அளந்து வெச்சேன். போன வருஷத்துலேர்ந்து இதுதான் இருக்கு. பழைய ஆணி காணாமப் போயிடுச்சு."

"எப்படிக் காணாமப் போச்சு?"

அவள் போல்ட்டைத் திரும்ப இரண்டில் செருகினாள். சாயங்காலம் கோயில் குங்குமத்தோடு வந்த வீரம்மாள்தான் சொன்னாள்.

"செல்லப்பன்னு ஒரு ஆளு தம்பி. விக்கிரமங்கலம். ஒன்னாட்டம் லோடுமேன். இதே மாதிரி ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் பூந்து, அடியில குத்திட்டுச் சாஞ்சுட்டாரு. வந்து பாத்தா வராந்தாவுல கெடந்தாரு. காலு ரெண்டும் வெளங்கல. கையால ஊந்து வந்திருக்காரு."

"இப்ப எங்க?"

"வூட்டோட கெடக்கறாருன்னு சொன்னாங்க. பாவம்."

உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் மாயவனுக்கு மூச்சு வந்தது. உயிரோடு இருக்கிறவர் பேயாக வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்துக்குப் பஸ் ஏறினான்.

வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பாலில் விரலெல்லாம் கருத்திருந்தது. செல்லப்பனின் மனைவி பாப்பாயி.

"அண்ணன் இருக்காருங்களா அக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தையில போயிட்டாரு. நீ யாரு?"

 மாயவன் தரையிலேயே உட்கார்ந்தான். "நானும் லோடுமேன்தான். அதே ஆஸ்பத்திரியிலதான் மிஷின் பண்றேன்."

"அந்த மிஷினா," என்றாள். சுத்தியல் ஒரு கொட்டையை உடைத்தது. "மேஸ்திரி நாள் சொல்லிட்டாருன்னு அவசரப்பட்டாரு. இடுப்புக்குக் கீழ எல்லாம் போச்சு. கஞ்சி வேணுமான்னா வேணாம்பாரு. தண்ணி வேணுமான்னா வேணாம்பாரு. அந்த ஆணிய மட்டும் கைய வுட்டு எறக்க மாட்டாரு."

"எந்த ஆணிங்க?"

"மிஷின் ஆணிதான். உருவிக் கையில புடிச்சுக்கிட்டே ஊந்து வந்திருக்காரு. திருப்பிக் குடுத்துருவோம்னேன். வேணாம், இது அங்க இருந்தா இன்னொருத்தன் கீழ குத்திட்டுச் சாய்வான்னாரு. ராவும் பகலும் புடிச்சு வேர்வையில துருவேறி உள்ளங்கை புண்ணாப் போச்சு. நான்தான் என் பொடவயக் கிழிச்சுச் சுத்தி வுட்டேன்."

"செவப்புப் பொடவைங்களா?"

சுத்தியல் நின்றது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அந்த ஆணி இப்ப எங்கக்கா?"

"அவரு கையிலதான்," என்றாள் பாப்பாயி. "வெரலப் பிரிக்க முடியல. அப்படியே பொதச்சுட்டோம்."

மாயவன் நடந்ததைச் சொன்னான். அவள் பயப்படவில்லை. கருத்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"ரெண்டு போதும்னாரா?"

"ஆமாக்கா."

"போதும்ங்கற வார்த்தயே அவரு வாயில வந்ததில்ல," என்றாள். "இன்னொரு தரம் வந்தாருன்னா ஒண்ணு சொல்லு தம்பி. சின்னவனப் பள்ளிக்கொடத்துல சேத்துட்டேன். கூரைய மாத்தியாச்சு. நாங்க பட்டினி கெடக்கல. அந்தக் கவலயிலதான் சாஞ்சாரு. இனிமே கவலப்பட வேணாம்னு சொல்லிரு."

வீட்டுக்கு வந்து வேம்பிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் திங்கட்கிழமை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பலகை ஏறப் போறியா?"

"ஏறுனா நானும் அப்படித்தான் கெடப்பேன்."

"அப்பப் போவாத. அந்த அக்கா சொன்னத சொல்லிட்டு வா மாமா. கூடைய நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை மதியம் ராசாங்கம் வேறு ஆள் போட்டுக்கொண்டார். அதே நேரத்தில் மாயவன் அந்த அறைக்குள் இருந்தான். இந்தத் தடவை புஷ்பவல்லியிடம் கேட்டே சாவி வாங்கியிருந்தான். சீட் காய்ந்திருந்தது. போல்ட் தொட்டால் சுட்டது. இரண்டில் செருகினான், பெல்ட் மாட்டினான், காத்திருந்தான்.

யாரும் வரவில்லை.

வெறும் அறையைப் பார்த்து, பாப்பாயி சொன்னதை ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னான். கப்பி கூட அசையவில்லை. பிறகு வந்த திங்களிலும் வெள்ளியிலும் சொல்லிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

ஆடி முழுக்க இரண்டு பிளேட். ஆவணியில் புஷ்பவல்லியே மூன்றாக்கினாள். வேம்பு ஒன்பதாம் மாதம் வரை கல் சுமந்தாள். பெண் பிறந்தது. எடை குறைவு, ஆனால் பிழைத்துக்கொண்டது. மாயவன் அதைக் குனிந்து தூக்கினான், முதுகு பிடிக்கவில்லை. மூட்டைக்கு அவன் திரும்பவே இல்லை. ஜெயங்கொண்டத்தில் ஓர் அரிசி மில்லில் காவலுக்குச் சேர்ந்தான். கூலி பாதிதான்.

ஐப்பசியில் விக்கிரமங்கலம் பக்கம் போனபோது பாப்பாயியைப் பார்த்தான். மெலிந்திருந்தாள். எடுத்த எடுப்பில் அவள் கேட்டாள்.

"சொன்னியா தம்பி?"

"சொன்னேங்க்கா."

"கேட்டாரா?"

வெறும் அறையில் கத்திவிட்டு வந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? "கேட்டாருக்கா," என்றான்.

பாப்பாயி தலையாட்டினாள். அதை அவள் முன்பே அறிந்திருந்தது போலிருந்தது.

"கேட்டுருப்பாரு. தையில பொதச்சதுலேர்ந்து தெனம் மத்தியானம் வாசல்லேர்ந்து சத்தம் வரும். கைய ஊனி ஊனி, கால இழுத்துக்கிட்டு, சர்… சர்ருனு. உள்ள வந்து, அவரு படுத்துருந்த எடத்துகிட்ட நிக்கும். நான் பேசிக்கிட்டே சோறாக்குவேன். யாருட்டயும் சொல்லல, புள்ளைங்க பயந்துரும்னு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ வந்துட்டுப் போன மறுநாள் திங்கக்கெழம. அன்னியோட நின்னு போச்சு தம்பி. இப்ப வர்றதே இல்ல."